துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில்

பொன்னேரியைத் தாண்டும்போது இரண்டு துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன. அப்புறம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒரு செங்கல் சூளை போயிற்று, ஓர் எருமை போயிற்று, துணி காயப்போட்ட ஒரு மொட்டை மாடி போயிற்று. பிறகு நெஞ்சுக்குள்ளிருந்து யாரோ முழங்கையால் இடித்ததுபோல ஒரு பெரிய துடிப்பு வந்தது. தமயந்தி அதுவரை பிடித்துவைத்திருந்த மூச்சை, எதிரே உட்கார்ந்திருந்த கணவருக்குத் தெரியாதபடி, மூக்கு வழியாக மெல்ல விட்டாள். தயாபரனுக்குத் தெரியவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் தபாலில் வேலை பார்த்தவர். இதே தடத்தில், ஓடுகிற பெட்டிக்குள் நின்றபடியே கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் பையில் போட்டவர். அன்றைக்கு வெளியே பார்க்க நேரமிருந்ததில்லை என்பதால், ஓய்வு பெற்றபின் எங்கே போனாலும் பார்த்துத் தீர்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய வெள்ளைச் சட்டைப் பையில் மாத்திரை அட்டை இருந்தது. மெல்லிய துணி. வெயில் படும்போதெல்லாம் அட்டையின் வெள்ளித்தாள் துணிக்குள்ளிருந்து மினுங்கியது. கையை நீட்டினால் எட்டிவிடும் தூரம். ஒன்று குடுங்க என்று கேட்டால் போதும், அரை மணியிலோ ஒரு மணியிலோ இந்த முழங்கை இடி அடங்கிவிடும். ஆனால் கேட்டால் போபால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு. அந்த மாத்திரை இதயத்தை மெதுவாக நடக்க வைக்கிறது, கை நடுக்கத்தை எடுத்துவிடுகிறது. மற்ற விளையாட்டுக்காரர்கள் பலர் அதைத் தாராளமாகச் சாப்பிடலாம், துப்பாக்கி சுடுகிறவர்கள் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டுவிட்டுச் சுட்டால் அது திருட்டு. தமயந்தி போபாலுக்குப் போவது சுடுவதற்கு. தேசியப் போட்டி, அறுபது வயதைத் தாண்டிய பெண்களுக்கான பிரிவு, படுத்துச் சுடுவது, ஐம்பது மீட்டர். அவளுடைய ரைஃபிள் இருக்கைக்கு அடியில் நீளமான கறுப்புப் பெட்டிக்குள், சங்கிலி போட்டுப் பூட்டி, அவள் குதிகாலில் இடித்துக்கொண்டு படுத்திருந்தது.

குதிகாலை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டாள். அது இருக்கிறது என்று தெரிந்தால் ஒரு நிம்மதி. மற்றவர்கள் நாடியைப் பிடித்துப் பார்த்து இதயத்தைத் தெரிந்துகொள்கிறார்கள், டாக்டர்கள் காதால் கேட்கிறார்கள். தமயந்தி நாற்பது வருஷத்துக்கும் மேலாகத் தன் இதயத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவள். யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். தரையில் விரித்த பாயில் வயிறு பதியப் படுத்து, இடது கையின் மேல்புறத்தில் தோல்வாரை இறுக்கிக் கட்டி, ரைஃபிளைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தால், குழலின் நுனியில் ஒரு சின்ன வளையம் தெரியும். அந்த வளையத்துக்குள் தொலைவிலுள்ள கறுப்பு வட்டம் வந்து உட்காரவேண்டும், சுற்றிலும் ஒரு மயிரிழை வெள்ளை விட்டு. உட்காரும். ஆனால் அசையாமல் உட்காராது. வார் இறுக்கிய கையிலிருந்து ரத்தம் குதிக்கிற ஒவ்வொரு தடவையும் வளையம் லேசாக, ஒரு தானியம் அளவு, துள்ளும். துள்ளிவிட்டு இறங்கும். துள்ளல், அமைதி, துள்ளல், அமைதி. அந்த அமைதிக்குள் விரல் விசையில் அழுந்தவேண்டும். கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்தபோது முதல் வருஷத்திலேயே அவள் அதைக் கண்டுபிடித்தாள். சொல்லிக் கொடுத்த ஹவில்தார், கையை ஆட்டாதே என்று அதட்டிக்கொண்டிருந்தார். நான் ஆட்டவில்லை சார், உள்ளேயிருந்து ஆடுகிறது என்று அவள் சொன்னபோது ஒரு நிமிஷம் அவளையே பார்த்துவிட்டு, அப்படின்னா அது ஆடி முடிக்கிற வரைக்கும் காத்திரு என்றார். அன்றிலிருந்து காத்திருக்கிறாள். மின்வாரியத்தில் கணக்குப் பார்த்த வருஷங்களிலும், பிள்ளை இல்லை என்று ஆகிப்போன வருஷங்களிலும், ஞாயிற்றுக்கிழமை காலையில் பாயில் படுத்தால் அந்த வளையத்துக்குள் அது துள்ளிக்கொண்டு இருக்கும். கோபமாக வந்த நாளில் வேகமாக. அம்மா இறந்த மாசத்தில் மிக மெதுவாக, போகட்டுமா வேண்டாமா என்று கேட்பதுபோல. தன்னைப் பற்றி அதைவிட உண்மையாக அவளிடம் யாரும் எதுவும் சொன்னதில்லை.

“பெட்டியில என்னாங்க, வீணையா?” என்றாள் பக்கத்து இருக்கைப் பெண்மணி. விஜயவாடாவுக்குப் போகிறவள், மகளுக்குப் பிரசவமாம், ஏறியதிலிருந்து கொய்யாப்பழம் அரிந்து உப்பு தொட்டு எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“தூண்டிலும்மா,” என்றார் தயாபரன், ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமலே. இது அவர்களுடைய பழைய ஏற்பாடு. கையில் இருக்கும் எல்லாக் காகிதங்களும் சரியாக இருந்தாலும் துப்பாக்கி என்ற சொல்லை ரயிலில் சொல்லக் கூடாது. சொன்னால் அந்தப் பெட்டியில் யாரும் தூங்கமாட்டார்கள்.

“இவ்ளோ பெரிய தூண்டிலா. என்னா மீன் பிடிப்பீங்க?”

“கெளுத்தி.”

“கெளுத்திக்கு எதுக்குங்க இம்மாம் நீளம். எங்க ஊர்ல பசங்க வேட்டியிலயே பிடிச்சிடுவாங்க,” என்று சொல்லிவிட்டு அவள் தமயந்தியைப் பார்த்து, பாவம் இவரோடு எப்படித்தான் காலம் தள்ளுகிறீர்களோ என்பதுபோலச் சிரித்தாள். தமயந்தியும் சிரித்தாள். சிரிக்கும்போது ஒரு துடிப்பு தவறிற்று. சிரிப்பு முகத்தில் இருக்க, உள்ளே படியில் கால் வைத்த இடத்தில் படி இல்லாததுபோல. அப்புறம் படி வந்தது.

துடிப்பு தவறுவதையும் முதலில் வளையத்துக்குள்தான் பார்த்தாள். போன தை மாதம், பனி விலகாத காலை, ரைஃபிள் கிளப்பில் அவளைத் தவிர யாரும் வந்திருக்கவில்லை. துள்ளல், அமைதி, துள்ளல், அமைதி, அமைதி, இன்னும் அமைதி. விரல் அழுத்தத் தயாராக நின்றது. இவ்வளவு நீளமான அமைதியை அவள் பார்த்ததே இல்லை. இப்போது இப்போது என்று தோன்றியது, ஆனால் அழுத்தவில்லை. ஏனென்றால் அந்த அமைதிக்குள் அவளும் இல்லை என்று தோன்றிவிட்டது. பிறகு வளையம் எகிறி வட்டத்தையே விட்டு வெளியே போயிற்று. எழுந்து பாயிலேயே உட்கார்ந்து, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற இரும்புத் தண்டான போல்ட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. நாற்பது வருஷம் பழகிய ஒருத்தி பேச்சு நடுவே பேச்சை நிறுத்திவிட்டால் உடனே ஊரைக் கூட்டுவோமா. ஆனால் மறுவாரமும் நிறுத்தியது. டாக்டர் சின்னப் பெண், பொறுமையானவள். மார்பில் வயர்களை ஒட்டி ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்துவிட்டு, இதை நீங்கள் எப்படிம்மா கண்டுபிடித்தீர்கள், மயக்கம் வந்ததா, படபடப்பு வந்ததா என்று கேட்டாள். பார்த்தேன் என்றாள் தமயந்தி. டாக்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை. மாத்திரையை எழுதினாள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, ஒரு நாளும் விடக் கூடாது, முக்கியமாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது, அடக்கிவைத்தது எல்லாம் சேர்ந்து எழுந்துகொள்ளும் என்று இரண்டு தடவை சொன்னாள். இரண்டாம் தடவை சொன்னது தயாபரனைப் பார்த்து. அதனால்தான் அட்டை அவருடைய சட்டைப் பையில் குடியேறியது. ஒவ்வொரு ராத்திரியும் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, தந்தி கொடுக்கிறவர்போல உள்ளங்கையில் வைத்து நீட்டுவார்.

மாத்திரை தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனாள். அதைத்தான் நினைக்கக் கூடாது என்று நினைக்கிறாள், ஆனால் வண்டியின் தடதடப்பு அதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறது. படுத்தாள். வாரை இறுக்கினாள். கன்னத்தைச் சாய்த்தாள். வளையம் வந்தது, கறுப்பு வட்டம் உள்ளே வந்து உட்கார்ந்தது, அசையவில்லை. வார் தளர்ந்திருக்கிறதோ என்று இன்னும் இறுக்கினாள். அசையவில்லை. சுவரில் மாட்டிய படம்போல நின்றது. சுட்டாள். இன்னொன்று. இன்னொன்று. இலக்கு அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்த கிளப் செயலாளர் அதை அவளிடம் நீட்டினார். நடுவில் ஒரே ஓட்டை, சட்டைப் பித்தான் அளவுகூட இல்லை, எல்லாத் தோட்டாவும் அதன் வழியாகவே போயிருந்தன. வாழ்நாளில் அப்படிச் சுட்டதில்லை. இப்படிச் சுடத்தான் பிறந்தேன் என்று ஒரு நிமிஷம் தோன்றியதும் உண்மை. வீட்டுக்கு வரும் பஸ்ஸில்தான் அழுகை வந்தது. ஓட்டை அழகாக இருந்தது, ஆனால் அவள் அங்கே இல்லை. யாரும் இல்லாத வீட்டில் யாரோ கோலம் போட்டுவிட்டுப் போனதுபோல. செயலாளர் மறுவாரம் தயங்கித் தயங்கி அந்த மாத்திரையின் பெயரைக் கேட்டார். பெயரைக் கேட்டதும் தலையை ஆட்டினார். மேடம், இதோட நீங்க எங்கயும் சுட முடியாது, டாக்டர் சீட்டு காட்டி விலக்கும் வாங்க முடியாது, இதுக்கு மட்டும் தரமாட்டாங்க. அவரும் வருத்தப்பட்டார். சரி என்று வந்துவிட்டாள். சரி என்றுதான் வந்தாள். ஆனால் போபால் போட்டிக்குப் பெயர் கொடுக்கிற தேதி வந்தபோது பெயர் கொடுத்திருந்தாள். கொடுக்கும்போது, அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று இருந்தது. வழி பிறக்கவில்லை. போன வாரம் ஒரு ராத்திரி தயாபரன் நீட்டிய மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, கன்னத்துக்குள் அதை ஒதுக்கிக்கொண்டு குளியலறைக்குப் போய்த் துப்பினாள். கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு வெகுநேரம் இருந்தது. மறுநாளும் அப்படியே. உடம்பிலிருந்து அது முழுக்கப் போய்விட வேண்டும், ஒரு துளியும் இருக்கக் கூடாது, யாராவது சோதித்தாலும் சுத்தமாக இருக்கவேண்டும். சட்டத்துக்கு முன்னால் சுத்தமாக இருப்பதற்காக, கூடப் படுக்கிற மனிதரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறாள். இதை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரு பக்கம் கோணலாகவே நிற்கிறது.

“ஆரம்பாக்கம் போயிடுச்சு,” என்றார் தயாபரன். “இனிமே தடா. ஆந்திரா வந்தாச்சு.” எல்லையில் எதுவும் இல்லை. ஒரு வாய்க்கால், சவுக்குத் தோப்பு, அந்தப் பக்கமும் அதே சவுக்குத் தோப்பு. பெயர்ப் பலகையில் எழுத்து மட்டும் உருண்டையாகிவிட்டது. காற்றில் உப்பு வந்தது. உப்புநீர் ஏரி கிழக்கே எங்கோ பக்கத்தில் இருக்கும். இந்தக் கோட்டைத் தாண்டுவதற்காகத்தான் எத்தனை தடவை கமிஷனர் ஆபீஸ் படி ஏறியிருக்கிறாள். லைசென்ஸ் தமிழ்நாட்டுக்கு மட்டும் போதாது, இந்தியா முழுக்கச் செல்லும் என்று முத்திரை வேண்டும். சங்கத்திலிருந்து கடிதம் வேண்டும், இன்னார், இன்ன எண்ணுள்ள ரைஃபிள், இவ்வளவு தோட்டா, இன்ன ஊரில் நடக்கும் போட்டியில் கலந்துகொள்ளும் பொருட்டு எடுத்துச் செல்கிறார் என்று. ரைஃபிளில் தோட்டா இருக்கக் கூடாது. போல்ட் தனியாக, அது அவளுடைய கைப்பையில் பழைய கைக்குட்டையில் சுற்றி இருக்கிறது. தோட்டா தனியாக, சூட்கேஸில் பூட்டிய தகரப் பெட்டியில். ஒன்றோடொன்று சேராத மூன்று பொருட்கள், மூன்றும் சேரும் இடம் போட்டி நடக்கும் மைதானம் மட்டுமே. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட ஒரு காகிதம் குறைந்ததில்லை. போட்டிகளுக்குக் கூட வரும் இளம்பெண்கள், தமயந்தி மேடம் ஃபைல் பார்த்தா போலீஸே எழுந்து நிக்கும் என்று கேலி செய்வார்கள். கலந்துகொள்ளும் பொருட்டு. அந்தச் சொல் இப்போது பல்லில் நார்போல மாட்டிக்கொண்டது. கலந்துகொள்ளும் பொருட்டுத்தான் ரைஃபிள் இந்த மண்ணில் இருக்கலாம். கலந்துகொள்ளாவிட்டால்? மாத்திரையை விழுங்கிய நிமிஷம் அவள் போட்டிக்காரி இல்லை. அந்த நிமிஷத்தில் இருக்கைக்கு அடியில் இருப்பது விளையாட்டுச் சாமான் இல்லை. ஒரு துப்பாக்கி, அவ்வளவுதான். ஆரம்பாக்கத்துக்கு முன்னால் கேட்டிருக்கலாம். நம் எல்லைக்குள்ளேயே இறங்கியிருக்கலாம். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை. மெடலுக்காகவா. மெடல் வாங்குகிற வயசிலேயே வாங்கவில்லை. ஒரு தடவை நான்காவதாக வந்தாள், ஒரு தடவை ஆறாவதாக. மெடலுக்காக இல்லை. அவளுக்கு அதை இன்னொரு தடவை பார்க்கவேண்டும். வளையத்துக்குள் அது துள்ளுவதை, தவறினால் தவறட்டும், தவறுவதையும் சேர்த்து.

கொய்யாக்காரி தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. சூலூர்ப்பேட்டையில் நின்று புறப்பட்ட பிறகு வண்டி வேகம் பிடித்தது, அதோடு சேர்ந்து இதயமும் வேகம் பிடித்தது. இப்போது தனித்தனித் துடிப்பாக இல்லை. கைக்குள் அடைத்த குருவிபோலப் படபடத்துக்கொண்டே இருந்தது. கழுத்தில் தெரிந்தது, காதில் தெரிந்தது. உள்ளங்கை ஈரமாயிற்று. தண்ணீர் குடித்தாள். தயாபரன், வெயிலா இருக்கா, இந்தப் பக்கம் வந்துக்கறியா என்று கேட்டார், வேண்டாம் என்றாள். அடக்கிவைத்தது எல்லாம் சேர்ந்து எழுந்துகொள்ளும் என்று டாக்டர் சொன்னது இதுதான் போலிருக்கிறது. சரி, எழுந்துகொண்டது. இப்படியே ஒரு படியில் கால் வைத்து, படி இல்லாமலே போனால்? பயமாகத்தான் இருந்தது, ஆனால் பயம் அவளைப் பற்றியதாக வரவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பற்றியதாக வந்தது. முதலில் அவருக்குப் புரியாது. தூங்குகிறாள் என்று நினைப்பார். நாயுடுப்பேட்டையோ கூடூரோ வரும்போது ஊர்ப் பெயரைச் சொல்வார், பதில் வராது. அப்புறம் தோளைத் தொடுவார். அப்புறம் கூட்டம், சங்கிலி இழுப்பார்கள், யாரோ நெஞ்சைப் பிசைவார்கள். ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறக்குவார்கள். அந்த ஸ்டேஷனின் பையில் அவர் எத்தனை ஆயிரம் கடிதம் போட்டிருப்பார், ஆனால் அங்கே அவருக்கு ஓர் ஆளைத் தெரியாது. பிளாட்பாரத்தில் அவளைக் கிடத்தியிருப்பார்கள். பக்கத்தில் சூட்கேஸ், தண்ணீர்க் கூஜா, நீளமான கறுப்புப் பெட்டி. பெட்டியில் என்ன என்று கேட்பார்கள். தூண்டில் என்றா சொல்வார்? துப்பாக்கி என்பார். உங்களுடையதா என்பார்கள். இல்லை, அவளுடையது. லைசென்ஸ்? அவள் பெயரில். அவள் இல்லை என்றால் அந்த லைசென்ஸும் இல்லை. இறந்தவளின் ரைஃபிளை வேற்று மாநிலத்தில், பிளாட்பாரத்தில், வைத்துக்கொண்டு நிற்கிற எழுபது வயதுக்காரர். போல்ட் எந்தப் பையில் என்றுகூட அவருக்குத் தெரியாது. தோட்டாப் பெட்டியின் சாவி அவளுடைய தாலிச் சரட்டில் மாட்டியிருக்கிறது. அதை எடுக்க அவர் கை வராது. இப்படி ஒன்றை இத்தனை வருஷத்தில் அவள் யோசித்ததே இல்லை. எல்லாக் காகிதத்தையும் சரியாக வைத்திருந்தவள், தன் இதயம் நின்றுபோனால் தேவைப்படுகிற காகிதத்தை மட்டும் யோசிக்கவில்லை. அவள் உயிரோடு இருப்பதுதான் அந்தக் காகிதங்கள் எல்லாவற்றுக்கும் கீழே போட்ட கையெழுத்து. அதைத்தான் போன வாரத்திலிருந்து தினமும் ராத்திரி குளியலறையில் துப்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நாயுடுப்பேட்டை போன பிறகு போலீஸ் வந்தது. ரயில்வே போலீஸ் இரண்டு பேர்; ஒருவர் இளைஞர், வாசல் பக்கமே நின்றுகொண்டார்; மற்றவர் நரைத்த மீசை, தலைமைக் காவலர், இருக்கைக்கு இருக்கை குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். வழக்கமான சோதனைதான். குனிந்தார், பெட்டியின் பூட்டைப் பார்த்தார், நிமிர்ந்தார். தெலுங்கில் கேட்டதற்குப் பதில் வரும் முன்பே முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். கூடூர்ப் பக்கத்துக்காரர்களுக்குத் தமிழும் வரும். தயாபரன் பழக்கதோஷத்தில் தூண்டி என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தமயந்தி கைப்பையிலிருந்து காகிதங்களை எடுத்துக் கொடுத்து, ரைஃபிள் என்றாள். தூங்கிக்கொண்டிருந்த கொய்யாக்காரி கண் விழித்து, கேட்டு, இரண்டு கால்களையும் இருக்கைமேல் தூக்கி மடித்துக்கொண்டாள். கெளுத்தி மீனு, என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது எல்லோருக்கும் கேட்டது.

தலைமைக் காவலர் நிதானமாகப் படித்தார். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தோட்டா எங்கே என்று கேட்டார், காட்டினாள். போல்ட் எங்கே என்று கேட்டார், விஷயம் தெரிந்தவர்தான். கைக்குட்டையைப் பிரித்துக் காட்டும்போது அவளுடைய விரல்கள் நடுங்கியதை அவரும் பார்த்தார், பயப்படாதீங்கம்மா, எல்லாம் சரியா வச்சிருக்கீங்க என்றார். வாசலில் நின்ற இளைஞரைக் கூப்பிட்டுக் காட்டினார், பார், இப்படி வைத்திருக்கவேண்டும் என்று. அப்புறம் கடிதத்தில் விரலை வைத்து, அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “சுடுறது யாரு? இவரா, நீங்களா?”

“அவங்கதான்,” என்றார் தயாபரன். குரலில் பெருமை இருந்தது. எப்போதும் இருக்கும்.

“நீங்களாம்மா? இந்த வயசுலயா?” அவர் சிரித்தார். கிண்டல் இல்லை, மகிழ்ச்சி. “எங்க அம்மா இப்ப ஊசியில நூலு கோக்கவே என்னைக் கூப்பிடுது. போயி நல்லா சுட்டு மெடலோட வாங்க.”

அவர் காகிதத்தை நீட்டினார். வாங்கிக்கொண்டால் முடிந்தது. இதுவரைக்கும் நூறு தடவை இப்படி வாங்கியிருக்கிறாள். உள்ளே குருவி படபடவென்று அடித்தது, அடித்தது, ஒரு கணம் நின்றது. அந்த நிற்கிற கணத்தில் வழக்கமாக விரல் அழுந்தும். “நான் சுடப் போறதில்லீங்க,” என்றாள். “அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிடறோம். திரும்பி மெட்ராஸ்.”

தலைமைக் காவலருக்குப் புரியவில்லை. காகிதம் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, யாரும் இறங்கச் சொல்லவில்லையே என்றார். தெரியும் என்றாள். அதில் போட்டிக்காகப் போகிறேன் என்று எழுதியிருக்கிறது, இப்போது நான் போட்டிக்குப் போகவில்லை, அதனால் இதை இதற்கு மேல் கொண்டுபோகக் கூடாது, நேராக வீட்டுக்குத்தான் கொண்டுபோகவேண்டும் என்றாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டார். இருபது வருஷத்தில் தன்மேல் தானே இப்படி ஒரு கேஸ் எழுதுகிற ஆளை அவர் பார்த்ததில்லை போலும். போய் வேடிக்கையாவது பார்த்துவிட்டு வாங்களேன், டிக்கெட் வீணாகிறதே என்று சொல்லிப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். கூடூரில் அவரே கூட நின்று இறக்கிவிடுவதாகச் சொல்லிவிட்டு அடுத்த இருக்கைக்கு நகர்ந்தார்.

தயாபரன் ஜன்னலைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தை இவ்வளவு நேராக அவள் பார்த்து நாளாகியிருந்தது. “அந்த மாத்திரை ஒண்ணு குடுங்க,” என்றாள்.

“ராத்திரிக்குத்தானே அது.”

“ராத்திரி போடலை. அதுக்கு முன்ன ராத்திரியும் போடலை. போன வாரத்துலேருந்தே இல்லை.”

“நான்தானே குடுத்தேன்.”

“வாயில வச்சுக்கிட்டுப் போயி துப்பிடுவேன்.”

அவர் பையிலிருந்து அட்டையை எடுத்தார். கடிதங்களை ஓடுகிற வண்டியில் ஒன்றுகூடத் தவறாமல் எறிந்த விரல்கள். வெள்ளித்தாளைக் கிழிக்க முடியாமல் தடவின. முதல் மாத்திரை கீழே விழுந்து எங்கோ உருண்டது. இரண்டாவதை உள்ளங்கையில் வைத்து நீட்டினார், ஆனால் இந்தத் தடவை கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் விழுங்கி, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுகிறவரைக்கும் அந்தக் கை அப்படியே விரிந்து அவள் முகத்துக்கு முன்னால் நின்றது. கொய்யாக்காரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, மடக்கிய காலை மெல்லக் கீழே இறக்கினாள். “மெடலுக்கா?” என்று கேட்டார் அவர். இல்லை என்றாள். பின்னே எதுக்கு என்று கேட்டார். வளையத்தைப் பற்றி, துள்ளலைப் பற்றி, போன தை மாதத்துக் காலையைப் பற்றி எல்லாம் சொல்ல வாயெடுத்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட இவரிடம் அதைச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஹவில்தாரிடம் சொல்லியிருக்கிறாள், டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். “பாக்கறதுக்கு,” என்றாள். “அப்புறமா விவரமா சொல்றேன்.” அவர் சரி என்றார். சரி என்று சொல்லிவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

கூடூரில் வெயில் ஏறியிருந்தது. தலைமைக் காவலர் சூட்கேஸை இறக்கிக் கொடுத்தார். தெற்கே போகும் வண்டி எதிர்ப் பிளாட்பாரத்துக்கு வரும், ஆனால் படி ஏற வேண்டாம், வரும் நேரத்தில் ஆள் அனுப்பித் தண்டவாளம் கடத்திவிடுகிறேன், அதுவரை இங்கேயே உட்காருங்கள் என்றார். அவர்கள் வந்த வண்டி போயிற்று; கொய்யாக்காரி கையசைத்தாள். வேப்பமரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. தமயந்தி கறுப்புப் பெட்டியை மடியோடு சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். செயலாளருக்கு ஃபோன் செய்து பெயரை எடுத்துவிடச் சொல்லவேண்டும். அப்புறம் செய்யலாம். டீ வேண்டுமென்று இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு, வாய்விட்டுக் கேட்கிற அளவுக்கு வேண்டியிருந்தது. கேட்டாள். தயாபரன் எழுந்து ஸ்டாலை நோக்கிக் கொஞ்ச தூரம் நடந்தார். நின்றார். திரும்பிப் பார்த்தார். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னங்க?”

“நீயும் வா. சேந்து போலாம்.”

“இதைத் தூக்கிக்கிட்டா? நடக்க முடியாதுங்க இப்ப. இங்க வச்சுட்டும் வரமுடியாது, நான் பக்கத்துல இருந்தாகணும்.”

“அப்ப நானும் போகலை.”

பெட்டியை விட்டு அவள் நகர முடியாது. அவளை விட்டு அவர் நகர்வதாக இல்லை. ஸ்டால் பார்வைக்குள்ளேதான் இருந்தது. ஆவி பறக்கிற பாத்திரம்கூடத் தெரிந்தது. உள்ளே குருவி இன்னும் அடங்கவில்லை, ஆனால் சிறகை மடிக்கலாமா என்று யோசிக்கிறதுபோல இருந்தது. தயாபரன் அவளுடைய மணிக்கட்டை எடுத்து, எங்கே பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தார். அவள் அவருடைய விரல்களை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தாள். அவர் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கேட்கிறவர்போலத் தலையைச் சாய்த்தார். ஸ்டால்காரர் இந்தப் பக்கம் திரும்பிய ஒரு சமயம், தயாபரன் மற்ற கையை மெதுவாக, பிடித்த கை அசைந்துவிடாதபடி, தூக்கி இரண்டு விரலைக் காட்டினார்.